பள்ளிக்கூடப் படலைக்கு வெளியே: வன்னிச் சபைகளின் ஊடாக ஒரு வாரம்

இலங்கையின் வடக்கே வன்னியில் எந்தத் தேர்தல் துண்டுப்பிரசுரத்தை எடுத்தாலும் "கல்விக்கு முன்னுரிமை" என்று ஒரு வரி இருக்கும். வென்று வந்த பிரதேச சபை மெம்பர் ஒருவர் கல்விக்கு உண்மையில் என்ன செய்யலாம், எதில் அவருக்கு அதிகாரமே இல்லை, நல்லது செய்யப் போய் எங்கே பிழைக்கிறது என்று பார்ப்பதற்கே இந்தப் பயணம். செப்ரெம்பரைத் தெரிவு செய்ததற்குக் காரணம் உண்டு. சிறுபோக அறுவடை முடிந்து குளங்கள் வற்றிக் கிடக்கும். காலபோக விதைப்புக்கு இன்னும் நாள் இருக்கும். சபைக் கந்தோர்களில் அடுத்த வருடப் பாதீட்டுக்கு முன்மொழிவு சேர்க்கும் காலமும் இதுதான். மழை இறங்கிவிட்டால் வன்னியில் வீதியும் திட்டமும் சேர்ந்தே கரைந்துவிடும்.

திங்கள்: வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், நெடுங்கேணி

ஏ9 வீதியில் ஓமந்தை தாண்டிப் புளியங்குளம் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் நெடுங்கேணி வீதி. இரண்டு பக்கமும் காடு, இடையிடையே சிறு குளங்கள், குளத்துக்கொரு ஊர், ஊருக்கொரு பள்ளிக்கூடம். வவுனியா வடக்குப் பிரதேச சபையின் கந்தோர் நெடுங்கேணியில்தான்.

புதிதாகத் தெரிவான மெம்பர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது படலைக் கணக்கு: பள்ளிக்கூட வாசலுக்கு உள்ளே யாருடைய அதிகாரம், வெளியே யாருடையது என்பது. தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ். மற்றவை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்துக்குப் பிறகு மாகாணத்தின் கீழ். அவற்றுக்கு மேலே கோட்டக் கல்விப் பணிப்பாளர், வலயக் கல்விப் பணிப்பாளர் என்று படிகள். பிரதேச சபை இந்த வரிசையில் எங்குமே இல்லை. ஆசிரியரை மாற்ற முடியாது, கட்டடத்தில் கை வைக்க முடியாது, அதிபருக்கு உத்தரவு போட முடியாது. பாராளுமன்ற உறுப்பினருக்காவது பன்முகப்படுத்தப்பட்ட நிதி என்று ஒன்று இருக்கிறது; அதில் போட்டோப் பிரதி இயந்திரமும் பான்ட் வாத்தியமும் கொடுத்துப் படம் எடுக்கலாம். சபை மெம்பருக்கு அதுவும் இல்லை. வலயத்தின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் சபைப் பணத்தைப் படலைக்கு உள்ளே செலவழித்தால் கணக்காய்வுக்காரர் கேள்வி கேட்பார். பதில் எழுதுவது சபைச் செயலாளரின் தலையில் விழும். அடுத்த முறை அந்த மெம்பரின் கோப்பு மேசையில் நகராது.

படலைக்கு வெளியே வந்தால் நிலைமை வேறு. வீதி, மதகு, தெருவிளக்கு, நூலகம், முன்பள்ளி, வறட்சிக்குத் தண்ணீர் பவுசர், குப்பை, சந்தை எல்லாம் சபையின் கையில். ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் வராமல் நிற்பதற்கான காரணங்களில் பெரும்பங்கு இந்தப் பட்டியலுக்குள்தான் கிடக்கிறது.

நெடுங்கேணிக்கு இப்பால் ஒரு உள்வீதி. கிரவல் போட்டு ஒரு மாரிதான் கண்டிருக்கிறது. நடுவில் குழி, ஓரத்தில் கல்லு. மதிலில் இருந்த பெரியவர் ஒருவர் ஒரே வசனத்தில் பொறியியல் அறிக்கை வாசித்தார்: "தம்பி, கொட்டினவை, பரவினவை, தண்ணி ஊத்தேல்லை."

கணக்கு இப்படி. 1 கிலோமீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இறுக்கிய பிறகு 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் 450 கன மீற்றர் வேண்டும். தளர்ந்த கிரவல் இறுகும்போது அமுங்கும் என்பதால் கால்வாசி கூட்டினால் ஏறத்தாழ 560. ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீற்றர். ஆக 200 கியூப் அளவில் வரும்; 3 கியூப் ரிப்பரில் 67 லோட். மதிப்பீட்டில் இந்த எண்ணிக்கை பாதியாக இருந்தால் தடிப்பும் பாதியாகத்தான் இருக்கும். கூட்டத்தில் "ஒரு கிலோமீற்றர் போட்டுவிட்டோம்" என்று சொல்லலாம், கார்த்திகை மாதத்தில் அது தெரிந்துவிடும்.

அடுத்தது ஈரம். கிரவலைக் கையில் அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், கை நனையக் கூடாது. அந்தப் பதத்தில் றோலர் ஓடினால்தான் இறுகும். ஆவணி, புரட்டாதியில் குளத்தில் தண்ணீர் இல்லை என்று உலர்ந்தபடியே உருட்டுவார்கள். பார்க்க வழுவழுப்பாக இருக்கும், முதல் மழையில் மேல்பூச்சு போய்விடும். ஐப்பசியில் தொடங்கினால் எதிர்ப்பக்கப் பிழை, சேறாகிவிடும். சித்திரை மழைக்குப் பிறகு, குளத்தில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிற வைகாசி, ஆனிதான் வாய்ப்பான காலம். அப்போது வேலை தொடங்க வேண்டுமானால் முந்தின செப்ரெம்பரில் முன்மொழிவு போயிருக்க வேண்டும். நடுமுதுகும் வேண்டும்: 3 மீற்றர் வீதியில் நடு, ஓரத்தைவிட 7 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். ஓர வடிகான் வெட்டாத கிரவல் வீதி மாரியில் வாய்க்கால்தான். மதகுக்குப் போடும் கொங்கிறீற் ஹியூம் குழாய் 600 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. 300 போட்டால் முதல் வெள்ளத்தோடு சருகும் கொப்பும் அடைத்து, தண்ணீர் வீதிக்கு மேலால் பாயும். வாய்க்கால் அகலமாக இருக்கிற இடத்தில் சப்பாத்துப் பாலம் (வெள்ளத்தை மேலால் போகவிடும் தாழ்பாலம்) மலிவு, ஆனால் நீர்மட்டம் காட்டும் கட்டைகளை இரு ஓரமும் நட வேண்டும். முழங்கால் அளவு ஓடும் தண்ணீருக்கே சின்னப் பிள்ளை தாங்காது.

இதெல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி: அந்த வீதி யாருடையது? சபையின் வீதிப் பதிவேட்டில் இருந்தால்தான் சபை தொடலாம். மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தினுடையதாக இருக்கலாம், காடு என்று வனவளத் திணைக்களம் எல்லைக்கல் போட்டிருக்கலாம். பிள்ளைகள் குறுக்கால் நடக்கிற குளக்கட்டு 80 ஹெக்ரேயருக்குக் குறைந்த வயலுக்குப் பாயும் சிறு குளத்தினுடையது என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். பதிவேட்டைப் பார்க்காமல் வாக்குக் கொடுத்த மெம்பர் அடுத்த ஒரு வருடத்தை மறுமொழி சொல்லியே கழிப்பார்.

செவ்வாய்: ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு

இன்று முன்பள்ளிகள். 3 வயது முதல் 5 வயது வரையான பிள்ளைகள். காலையில் தொடங்கி மதியத்துக்கு முன் வீடு. சபை நேரடியாக நடத்துபவை உண்டு, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ கோயிலோ தேவாலயமோ நடத்துபவை உண்டு. போருக்குப் பிறகு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பாதுகாப்பு அமைச்சைச் சேர்ந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வந்தவையும் உண்டு. அந்தத் திணைக்களத்தின் ஆசிரியை அரசாங்கச் சம்பளம் வாங்குவார். பக்கத்து ஊரில் அதே வேலை செய்கிற மற்ற ஆசிரியைக்கு மாகாணத்தின் சிறு கொடுப்பனவும் பெற்றோர் தரும் மாதக் காசும்தான். இரண்டுக்கும் இடையில் சில மடங்கு வித்தியாசம். முன்பள்ளிகளை இராணுவ நிழலிலிருந்து எடுக்க வேண்டும் என்று மேடையில் பேசுவது சுகம், பேசவும் வேண்டும்தான். ஆனால் அந்த வித்தியாசத்தை யார் நிரப்புவது என்று சொல்லாமல் பேசினால் ஆசிரியைமாரே எதிரே வந்து நிற்பார்கள். அவர்களிலும் வீட்டுக்கு உழைக்கிற ஒரே ஆளாக இருப்பவர்கள் உண்டு.

கட்டடம் கேட்டு வரும் மனுக்கள்தான் அதிகம். 20 பிள்ளைகளுக்கு 20 அடிக்கு 15 அடி மண்டபம் போதும். தகரக் கூரை என்றால் கீழே கிடுகு ஒரு தட்டு. இல்லாவிட்டால் பத்து மணிக்குப் பிறகு உள்ளே இருக்க ஏலாது. கை கழுவும் குழாய் நிலத்திலிருந்து 50 சென்ரிமீற்றர் உயரத்தில், மலசலகூடம் சிறுவர் அளவில். இந்த இரண்டையும் வரைபடத்திலேயே எழுதாவிட்டால் மேசன் தன் உயரத்துக்குத்தான் வைப்பார். இரும்புச் சறுக்கி கொடுப்பவர்கள் அதை முற்றத்து நடுவில், படம் எடுக்க வசதியாக நிறுத்திவிட்டுப் போவார்கள். பங்குனியிலிருந்து புரட்டாதி வரை அந்தத் தகட்டில் பிள்ளை இருந்தால் தொடை வெந்துவிடும். வேம்புக்குக் கீழே நடுவதற்குக் கூடுதலாக ஒரு சதமும் செலவில்லை.

அடிக்கல் நாட்ட முன் காணி யார் பெயரில் என்று பிரதேச செயலாளரிடம் கடிதம் வாங்க வேண்டும். வாய்ப்பேச்சில் கொடுத்த காணியில் கட்டிய முன்பள்ளி, கொடுத்தவரின் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததும் வழக்காக மாறும்.

முல்லைத்தீவில் வெயில் தணிந்த பிறகும் கடற்காற்றில் உப்பும் புழுதியும். நாளைக்கு வட்டுவாகல்.

புதன்: வட்டுவாகல், புதுக்குடியிருப்பு, விசுவமடு

நந்திக்கடல் கடலோடு சேருமிடத்தில் வட்டுவாகல். பாலம் தாழ்வானது, மாரியில் நீர் மேலால் போகும் நாட்களில் அக்கரைப் பிள்ளைகளுக்கு அறிவிக்காத விடுமுறைதான். ஏ35 வீதி முள்ளிவாய்க்கால் தாண்டிப் புதுக்குடியிருப்புக்குப் போகிறது.

2011இல் வன்னியின் பல சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது புதுக்குடியிருப்புக்கும் கரைதுறைப்பற்றுக்கும் நடக்கவில்லை. இவை 2018 பெப்ரவரி 10 வரை காத்திருந்தன. அந்தத் தேர்தலில்தான் நூற்றுக்கு 60 பேர் வட்டாரத்தில் நேரே, 40 பேர் கட்சிப் பட்டியலில் தெரிவாகும் கலப்பு முறையும் பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடும் வந்தன. வட்டார மெம்பரைத் தன் வட்டாரத்து வீதி இழுக்கும். பட்டியலில் வந்தவருக்கு வட்டாரம் இல்லை என்பதைப் பலர் குறையாக நினைக்கிறார்கள். நூலகம், முன்பள்ளி, ஆவணம் போன்ற சபை முழுவதற்குமான வேலைக்கு அவர்தான் பொருத்தம்.

ஆவணம் என்பது இந்தப் பக்கத்தில் தனிக் கதை. 2008, 2009 இடப்பெயர்வில் பெட்டியோடு போன பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களின் பாதிப்பு, அன்று கைக்குழந்தையாக இருந்தவர்கள் பரீட்சை எழுதும் வயது வரை நீண்டது. அடுத்த தலைமுறையில் தாய் தகப்பனின் பத்திரம் இல்லாததால் பிள்ளையின் பத்திரத்தில் பெயர் பிழையாக ஏறுகிறது. முதலாம் தரத்துக்குச் சேர்க்க, அந்த வருடம் ஜனவரி 31இல் 5 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்கு முந்தின வருட நடுப்பகுதியிலேயே விண்ணப்பம். தேசிய அடையாள அட்டைக்கு 15 வயது. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் அதைக் கேட்பார்கள்.

ஒழுங்கு இப்படி இருந்தால் பிழைக்காது. 9ஆம் தரத்திலேயே அதிபரிடம் பெயர்ப் பட்டியல் கேட்க வேண்டும்: பத்திரம் உள்ளவர், இல்லாதவர், பெயரில் பிழை உள்ளவர் என்று மூன்று நிரல். பதிவு கணினியில் ஏறியிருந்தால் பிறந்த இடத்துக்கு அலைய வேண்டியதில்லை, வேறு பிரதேச செயலகத்திலேயே பிரதி எடுக்கலாம். பதிவு இலக்கமும் திகதியும் தெரியாவிட்டால் தேடுதல் விண்ணப்பம். தேடியும் இல்லை என்று எழுத்தில் வந்தால் காலங்கடந்த பதிவு. அதற்குக் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவோ, ஆஸ்பத்திரி அட்டையோ, பாடசாலைச் சேர்விடாப்போ, ஞானஸ்நானப் பதிவோ சான்றாக வேண்டும். அடையாள அட்டைக்கு மாணவராக இருந்தால் அதிபர் உறுதிப்படுத்துவார், படிப்பை விட்டவரானால் கிராம அலுவலர். விட்டவர்களைத்தான் எல்லோரும் மறப்பது.

மெம்பரின் பங்கு நடமாடும் சேவை ஒன்றைப் பிரதேச செயலகத்தோடு சேர்ந்து ஒழுங்கு செய்வது. விதைப்புக் கிழமையிலும் அறுவடைக் கிழமையிலும் வைத்தால் ஆள் வராது. படம் எடுப்பவர், சமாதான நீதவான், போட்டோப் பிரதி, முத்திரை நாலும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் சனம் பட்டினத்துக்குப் பஸ் ஏறும், பாதிப்பேர் திரும்பி வராது. தமிழில் "சிவராசா" என்று இருப்பதை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதலாம். தகப்பனின் அடையாள அட்டையைப் பார்த்து அப்படியே எழுத ஒருவரை மேசையில் இருத்தினால் பின்னால் வரும் சத்தியக்கடதாசிகளில் முக்கால்வாசி மிச்சம்.

விசுவமடுப் பக்கம் வரும்போது சயிக்கிள்கள் கண்ணில் பட்டன. புலம்பெயர்ந்தோர் காசில் சயிக்கிள் கொடுப்பது இங்கே பெருவழக்கம், பலன் உள்ளதும்கூட: 5 கிலோமீற்றர் நடை ஒரு மணித்தியாலத்துக்கு மேல், சயிக்கிளில் அரை மணித்தியாலம் போதும். ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் வாங்கிவிடுவார்கள். 6ஆம் தரப் பிள்ளைக்குச் சில்லு 26 அங்குல வண்டியில் கால் நிலத்தில் முட்டாது. கடைசியில் தமையன் மேசன் வேலைக்கு ஓடித் திரிவான். உடைமுள் நிறைந்த ஒழுங்கையில் கிழமைக்கொரு ஒட்டு நிச்சயம். பத்து வண்டிக்கு ஒரு காற்றுப் பம்பும், ஒட்டுப் பெட்டியும், ஒட்டத் தெரிந்த ஒரு பெடியனும் வேண்டும். பத்தாவது வண்டியின் காசை இவற்றுக்குச் செலவழித்து ஒன்பது கொடுத்தால் ஒன்பதும் அடுத்த தைப்பொங்கலுக்கும் ஓடும்.

வியாழன்: பரந்தன், கிளிநொச்சி

வன்னி அரசியலுக்கும் வாத்திமாருக்கும் பழைய உறவு. 1947இல் வவுனியாத் தொகுதியின் முதல் பாராளுமன்ற உறுப்பினரான செ. சுந்தரலிங்கம் கணிதப் பேராசிரியர். 1965இல் கிளிநொச்சியை வென்ற கா. பொ. இரத்தினம் தமிழ்ப் பண்டிதர். அவருக்குப் பின் 1970இல் பாராளுமன்றம் போன வீ. ஆனந்தசங்கரி ஆசிரியராக இருந்தவர். கரைச்சிக் கிராம சபை, கிளிநொச்சிப் பட்டின சபை இரண்டிலும் தலைவராக இருந்த பிறகே மேலே போனார். அடியிலிருந்து ஏறிய அந்தப் படிக்கட்டு 1980களுக்குப் பிறகு உடைந்தது. கிராம சபைகள் போய், 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் பிரதேச சபைகள் வந்தன; போர் அவற்றை வன்னியில் நீண்ட காலம் கடதாசியிலேயே வைத்திருந்தது.

கிளிநொச்சியில் பார்க்க வேண்டியது நூலகம். சபை மெம்பர் ஒருவருக்குக் கல்வியில் முழு அதிகாரம் உள்ள ஒரே கட்டடம் அதுதான் என்று சொன்னால் மிகையில்லை. அப்படியிருந்தும் மாதக் கூட்டங்களில் நூலகம் பற்றிய பேச்சு ஒக்ரோபர் வாசிப்பு மாதத்தோடு சரி.

முதல் பிரச்சினை நேரம். பாடசாலை பிற்பகல் 1.30க்கு விடும். பிள்ளை வீடு போய்ச் சாப்பிட்டு வர மூன்று, மூன்றரை. நூலகம் நாலரைக்குப் பூட்டினால் அது பத்திரிகை வாசிக்கும் ஓய்வூதியர்களுக்கான மண்டபம்தான். புதிய ஆளணி கேட்க வேண்டியதில்லை. இருக்கிறவர்களில் ஒருவரின் வேலை நேரத்தைப் பத்தரை முதல் ஆறரை வரை மாற்றினால் போதும். அதற்குச் சபைத் தீர்மானமும் செயலாளரின் உள்ளக அறிவித்தலும் வேண்டும். பெண் உத்தியோகத்தர் என்றால் ஆறரைக்குப் பிறகு பஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துத்தான் தீர்மானம் எழுத வேண்டும்.

இரண்டாவது, நன்கொடைப் புத்தகம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வரும். பாதி அந்நாட்டுப் பாடத்திட்டப் புத்தகம், பழைய கணினிக் கையேடு. மறுத்தால் கோபம் என்று வாங்கி மூலையில் அடுக்குவார்கள், கறையானுக்கு விருந்து. வரும் நாளிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும்: சேர்க்க வேண்டியது, பாடசாலைகளுக்குக் கொடுக்க வேண்டியது, கழிக்க வேண்டியது. சேர்ப்பதற்கு உரியதைச் சேர்வுப் பதிவேட்டில் இலக்கமிட்டு, தலைப்புப் பக்கத்திலும் உள்ளே நூலகம் தெரிவு செய்த ஒரு பக்கத்திலும் முத்திரை குத்தி, பகுப்பெண் எழுதி ஒட்ட வேண்டும். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் தூவி (Dewey) முறையில் தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு 954.93. பதிவேட்டில் ஏறாத புத்தகம் வருட முடிவில் தொகைமதிப்பில் வராது. காணாமல் போனாலும் யாரும் கேட்க முடியாது. அதுவே சிலருக்கு வசதி.

மூன்றாவது, எட்டாத ஊர். கிளிநொச்சிப் பட்டினத்து நூலகத்துக்கு அக்கராயன் பிள்ளை மாலையில் வந்து போக முடியாது. தகரப் பெட்டி ஒன்றில் 50 புத்தகம். நாலு ஊருக்கு நாலு பெட்டி. நாலு கிழமைக்கொரு தரம் சுழற்சி. பெட்டியின் மூடியின் உட்பக்கம் பட்டியல் ஒட்டியிருக்க வேண்டும், திரும்பி வரும்போது அதை வைத்தே எண்ணலாம். பொறுப்பு முன்பள்ளி ஆசிரியையிடம் கொடுப்பது நல்லது. சனசமூக நிலையத்தில் வைத்தால் சாவி வைத்திருப்பவர் வயலுக்குப் போன நாளெல்லாம் பூட்டுத்தான். 50இல் 15 கடந்தகாலப் பரீட்சை வினாத்தாள் தொகுப்பாக இருக்கட்டும். தூய இலக்கியவாதிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தப் 15க்காக வரும் பிள்ளை மற்ற 35ஐயும் புரட்டும்.

வெள்ளி: அறிவியல் நகர், மாங்குளம், மல்லாவி

கிளிநொச்சியிலிருந்து தெற்கே வரும்போது அறிவியல் நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள் இங்கே. இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் இங்கேதான். சாதாரண தரத்தோடு நிற்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் நல்ல வழி அது. விண்ணப்ப முடிவுத் திகதியை ஊர்ச் சங்கக் கடைகளில் ஒட்டுவது ஒரு மெம்பருக்கு அரை நாள் வேலை.

உயர்தரத்துக்குப் போகிறவர்களின் பெற்றோர் அடிக்கடி கேட்பது "வெட்டுப்புள்ளி", அதாவது பல்கலைக்கழகத்துக்கு எடுக்கும் ஆகக் குறைந்த புள்ளி பற்றி. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி நாலும் அந்த 16க்குள். கலைத்துறைப் பாடநெறிகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மாவட்டக் கணக்கு இல்லை. ஆகவே விஞ்ஞான, கணித ஆசிரியர் இல்லாமல் எல்லோரையும் கலைப்பிரிவில் இருத்தும் பாடசாலை, பிள்ளைக்கு இருக்கிற சலுகையையும் இழக்க வைக்கிறது.

ஆசிரியர் நியமனம் மெம்பரின் கையில் இல்லை. வந்த ஆசிரியர் நிற்பது ஓரளவு அவர் கையில். மாங்குளத்திலிருந்து மல்லாவி, துணுக்காய் உள்ளே போகப் போக யாழ்ப்பாணத்திலிருந்து நாளாந்தம் வந்து போகும் ஆசிரியர்கள் அதிகம். பாடசாலை காலை 7.30, முதல் பஸ் பத்து நிமிடம் பிந்தினால் முதல் பாடம் போச்சு. ஊருக்குள் தண்ணீரும் பூட்டும் உள்ள ஒரு வீட்டை வாடகைக்குப் பேசிக் கொடுப்பது, பஸ் நேரத்தை மாற்ற எழுதுவது, இரண்டும் சபையின் கடிதத் தலைப்பில் நடக்கும். இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) பஸ் என்றால் பஸ் சாலை (டிப்போ) முகாமையாளர், தனியார் என்றால் மாகாணப் போக்குவரத்து அதிகாரசபை. "பஸ் விடுங்கள்" என்று ஒரு வரி எழுதினால் பதில் வராது. எந்தத் தரிப்பிடத்தில் எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், எத்தனை மணிக்கு, வீதியில் பஸ் திரும்ப எங்கே இடம் இருக்கிறது என்று ஒரு பக்க அட்டவணை இணைத்தால் நேரக்கணிப்பாளருக்கு வேலை பாதி முடிந்தது. மாணவருக்கான "சிசு செரிய" பஸ் சேவை கேட்பதற்கும் அதே அட்டவணை போதும்.

சனி: வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி

வெள்ளாங்குளத்தில் ஏ32 வீதியில் ஏறி வடக்கே முழங்காவில், பூநகரி. இந்தப் பக்கத்தில் மாலை நேர வகுப்புகள் நிறைய, தொடங்கியவையும் நின்றவையும். நின்றதற்குக் காரணம் அநேகமாக ஒன்றே: வெளிநாட்டுக் காசு மூன்று மாதம் வந்தது, நாலாம் மாதம் வரவில்லை. ஒரு வருடக் கொடுப்பனவு முழுவதும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் வகுப்பைத் தொடங்க வேண்டும். கணக்கில் இரண்டு கையெழுத்து, அதில் ஒன்றும் மெம்பரினுடையதாக இருக்கக் கூடாது. உயர்தரம் முடித்துப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை ஆசிரியராகப் போடலாம், ஆனால் பல்கலைக்கழகம் கிடைத்ததும் போய்விடுவார்கள் என்பதால் எப்போதும் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும். ஒருவருக்கு 20 பிள்ளைக்கு மேல் வேண்டாம். 3ஆம், 4ஆம் தரத்திலிருந்து தொடங்குவது நல்லது. சாதாரண தர வகுப்போடு தொடங்கினால் கூட்டல் தெரியாத பிள்ளைக்கு அட்சரகணிதம் படிப்பிக்கிற கதைதான்.

நேரம் நாலு மணி முதல் ஐந்தரை. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும், காட்டோரம் யானை இறங்கும் நேரமும் அதுதான். தெருவிளக்குப் போடலாம்: கம்பம் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தினுடையது, விளக்கு பிரதேச சபையினுடையது, எனவே பொறியியலாளரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஆளை ஏற்றக் கூடாது. தண்ணீரும் கணக்கில் வர வேண்டும். கோடையில் பூநகரிக் கிணறுகள் உவராகும். 60 பிள்ளைக்கு ஆளுக்கு 2 லீற்றர் என்றால் நாளுக்கு 120. 1,000 லீற்றர் தாங்கிக்குக் கிழமைக்கு ஒரு பவுசர் தாராளம். தாங்கியை மாதம் ஒருமுறை கழுவ ஆளின் பெயரை எழுதி ஒட்ட வேண்டும், "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்ற தாங்கியில்தான் பாசி பிடிக்கும்.

இத்தனைக்கும் காசு? வன்னிச் சபைகளுக்கு ஆதனவரி குறைவு. சந்தைக் குத்தகை, வியாபார உரிமம், மாகாணம் தரும் முத்திரைக் கட்டணமும் நீதிமன்றத் தண்டப்பணமும்தான் பெரும்பங்கு. ஆகவே பிரேரணை எழுதுகிற விதம் முக்கியம். "நூலகத்தை மேம்படுத்த வேண்டும்" என்பது ஏகமனதாக நிறைவேறும், அதோடு முடியும். என்ன வேலை, எந்தச் செலவுத் தலைப்பு, எவ்வளவு தொகை, யார் பொறுப்பு, எந்த மாதத்துக்குள் என்ற ஐந்தும் இருக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீடு பின்னிணைப்பாக வேண்டும். கூட்டத்துக்கு முன்பே வீடமைப்பு மற்றும் சமூக அபிவிருத்திக் குழுவிலும் நிதிக் குழுவிலும் பேசி, எதிர்க்கட்சி மெம்பர் ஒருவரை வழிமொழிய வைத்தால் பாதிச் சண்டை மிச்சம். பாதீடு டிசம்பர் 31க்கு முன் நிறைவேற வேண்டும் என்பதால் ஒக்ரோபர் நடுப்பகுதிக்குப் பிறகு வரும் முன்மொழிவுக்கு இடமிருக்காது.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து 2025 மே 6 தேர்தல் வரை மெம்பரே இல்லாமல் செயலாளர்கள் நடத்தினார்கள். அப்படியொரு இடைவெளி திரும்ப வந்தால் மெம்பரின் கைத்தொலைபேசியில் நடந்த வேலை எல்லாம் அன்றோடு நிற்கும். பெட்டி நூலகம் சபையின் சொத்துப் பதிவேட்டில், வகுப்பு சங்கத்தின் கூட்டக் குறிப்பில், வீதி வீதிப் பதிவேட்டில் ஏறியிருந்தால் செயலாளர் தொடரலாம். வகுப்பு மண்டபத்துக்குச் சாவி இரண்டு போதும்: ஒன்று சங்கச் செயலாளரிடம், மற்றது ஆசிரியையிடம்.

பூநகரி, பச்சிலைப்பள்ளி, கரைச்சி மெம்பர்கள் யாராவது அடுத்த வருடப் பாதீட்டுக்கு எழுதுகிறீர்கள் என்றால் மதிப்பீட்டுக்கான கடிதத்தை இந்தத் திங்களே தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு சபைக்கு அவர் ஒருவர்தான், வரிசை நீளம்.